ரீஜிக்

மூன்றாம் லைன் பெண்கள் கை தட்டினார்கள். தமிழ்ப்ரியாவும் சேர்ந்து தட்டினாள். மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்திருப்பார்களோ என்னவோ, அவள் கை தட்டியதை மட்டும் அவர்கள் மன்னிக்கவே இல்லை.

மைசூர் ஹெப்பாளில் கார்களுக்கு வயர்க் கட்டு செய்யும் தொழிற்சாலை அது. வயர்களைக் கட்டாகச் சேர்ப்பதற்கு ஜிக் போர்டு என்று ஒன்று உண்டு. கதவு அகலத்துக்குச் சாய்த்து வைத்த பலகை, அது நிறைய முளைகள். முளைகளுக்கு நடுவே வயரை இழுத்து வளைத்து டேப் சுற்ற வேண்டும். மூன்றாம் லைனில் இருந்த போர்டுகள் ரொம்பப் பழசு. முளைகள் சாய்ந்து வயர் நழுவும். நழுவினால் நீளம் பிசகும், பிசகினால் சரக்கு திரும்பி வரும், திரும்பி வந்தால் சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துவார். போர்டை மாற்றிக் கொடுங்கள் என்று அந்தப் பெண்கள் கேட்காத அதிகாரி இல்லை.

லைனில் பாதிக்கு மேல் கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். தமிழ்ப்ரியாவும் அந்தப் பக்கம்தான், மார்டள்ளி. சமூகப் பணி படித்துவிட்டு மனிதவளப் பிரிவில் சேர்ந்திருந்தாள். மேலே பேசுவதைக் கீழே அவர்கள் பேச்சில் எடுத்துச் சொல்வதும் அவள் வேலையில் அடக்கம். லைனில் எல்லாருக்கும் முன்னால் நின்று பேசுகிற மாதம்மா அவளுக்கு அத்தை முறை. அப்பாவின் சித்தப்பா மகள். மைசூரில் கல்லூரிக்குப் போன காலம் முழுவதும் தமிழ்ப்ரியா உண்டதும் உறங்கியதும் மேட்டகள்ளியில் மாதம்மா வீட்டில்தான்.

அன்று காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் ஜெனரல் மேனேஜர் ஹரிப்ரசாத் எல்லாரையும் வெளியே நிறுத்திப் பேசினார். தொழிலாளர்களிடம் எப்போதும் கன்னடத்தில் பேசுகிறவர். அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பக்கத்தில் நின்றதால் ஆங்கிலத்தில் பேசினார். கம்பெனியின் வளர்ச்சி, போட்டி, புது ஆர்டர் என்று சுற்றிவிட்டுக் கடைசியில், "வி ஆர் கோயிங் டு ரீஜிக் லைன் த்ரீ" என்றார்.

முன்வரிசையில் நின்ற மாதம்மாவின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

"ஜிக்கா? ஜிக்க மாத்தறாங்களா கண்ணு?"

எல்லா முகங்களும் தமிழ்ப்ரியா பக்கம் திரும்பின. அவள் ஹரிப்ரசாத்தைப் பார்த்தாள். அவர் புன்னகைத்தார்.

"ஆமாங்க அத்தை. ஜிக்கெல்லாம் மாத்தறாங்க" என்றாள். ஹரிப்ரசாத் தலையை ஆட்டினார்.

அப்போதுதான் அந்தக் கைதட்டல். யாரோ விசில்கூட அடித்தார்கள். கம்பெனியின் இணையப் பக்கத்துக்காக ஒருவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். தலைமை அலுவலகத்து ஆட்கள் திருப்தியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தச் சொல் தமிழ்ப்ரியாவுக்குத் தெரியாத சொல் அல்ல. ஹரிப்ரசாத் பொறுப்பேற்றதிலிருந்து அலுவலகத்தில் அதிகம் புழங்கிய வினைச்சொல் அதுதான். கேன்டீனை ரீஜிக் பண்ணலாம் என்றார். சமையல் பார்த்த பசம்மாவும் கூட இருந்தவர்களும் போய்ப் பொட்டலச் சாப்பாடு வந்தது. கேட்டை ரீஜிக் பண்ணணும் என்றார். வாசலில் பதினைந்து வருஷம் நின்ற சென்னப்பன் வீட்டுக்குப் போனார், கேமரா வந்தது. ஒருநாள் மீட்டிங்கில் அவரே சிரித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். ரீஸ்ட்ரக்சர் என்று எழுதினால் பயந்துவிடுவார்கள், ரீஆர்கனைஸ் என்றால் யூனியன் வந்து நிற்கும், ரீஜிக் என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரிதான் கேட்கும், யாருக்கும் வலிக்காது. தமிழ்ப்ரியாவும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தாள்.

அவர் சொன்ன வாக்கியத்தில் போர்டு இல்லை. லைன்தான் இருந்தது. போர்டை அதற்குள் கொண்டுபோய் வைத்தது அவள் வாய். போர்டையும் மாற்றத்தானே செய்வார்கள், அதுவும் அதில் அடக்கம்தானே என்று அன்று பூராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். ஹரிப்ரசாத்துக்குத் தமிழ் நன்றாக வரும். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம், வீட்டில் தமிழ்தான். அம்மாவிடம் ஃபோனில் பேசுவதை அவள் இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறாள். தொழிற்சாலைக்குள் மட்டும் அந்த மொழியே காதில் விழாதவர் போல நடமாடுவார். ஆகவே அவள் சொன்னது அவருக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்துதான் தலையை ஆட்டினார்.

மூன்று வாரம் கழிந்தது. போர்டுகள் அப்படியே இருந்தன. ஒரு திங்கட்கிழமை, யூனியன் செயலாளர் பசவராஜ் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று கன்னடத்தில் உரக்கப் படித்தார். மூன்றாம் லைனில் பதினெட்டுப் பெண்கள் நஞ்சன்கூட்டுக்கு அப்பால் ஒரு கான்ட்ராக்டரின் ஷெட்டுக்கு மாற்றப்படுகிறார்கள். இனி அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். இங்கே உழைத்த வருஷங்களுக்கு அங்கே கணக்கு கிடையாது. முதல் பெயரே மாதம்மாவுடையது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்ப்ரியா டப்பாவோடு கேன்டீனுக்குள் வந்ததும் பேச்சு நின்றது. மாதம்மா எழுந்து வந்தாள். கை கழுவியிருக்கவில்லை, சோறு ஒட்டிய விரல்களோடு அவள் முன்னால் நின்றாள்.

"எங்க ஜிக்கு?"

"அத்தை, எனக்கும் இன்னிக்குத்தான்..."

"நான் உன்னயக் கேட்டனா இல்லியா? அத்தன பேரு முன்னால கேட்டனா இல்லியா? ஜிக்க மாத்தறாங்கன்னு சொன்னயா இல்லியா?"

"சொன்னேன். அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும்..."

"அர்த்தத்தக் கொண்டுபோயி அடுப்புல போடு!" மாதம்மாவின் குரல் கூரைத் தகரத்தில் போய் மோதியது. "எங்கள ஷெட்டுக்கு ஓட்டறதுக்கு எங்களயே கை தட்ட வெச்சுப்போட்டயே! நீயும் கூட நின்னு தட்டுனயே! தட்டுன கை கூசலியா உனக்கு?"

பின்னாலிருந்து ஒருத்தி கன்னடத்தில், "பொய்க்காரி" என்றாள். இன்னொருத்தி தமிழ்ப்ரியா உட்கார வந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். அது விழவில்லை, சுவரில் போய் முட்டி நின்றது. தமிழ்ப்ரியா டப்பாவைத் திறக்காமலே வெளியே வந்தாள். அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. ஒருநாள் காலை, அவள் ஏறும் நிறுத்தத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தவே இல்லை. ஜன்னலோரத்துப் பெண்கள் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

சேதி மார்டள்ளிக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. அப்பா ஃபோனில் கூப்பிட்டார்.

"மாதம்மா போட்ட சோத்தத் தின்னுதான படிச்ச?"

"அப்பா, நான் ஒண்ணும் வேணும்னு..."

"பதினெட்டுப் பேர்ல ஏழு பேரு நம்மூருப் புள்ளைங்க. டீக்கடைக்குப் போக முடியில. நீ தீவாளிக்கு ஊருக்கு வரவேண்டாம். நானே சொல்றப்ப வா."

வைத்துவிட்டார். தமிழ்ப்ரியாவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் அப்பா மேல், பிறகு மாதம்மா மேல். மாற்றல் உத்தரவு போட்டவர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார், அவரை ஒருத்தி ஏறிட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறாள், எல்லாரும் என்னைக் கிழிக்கிறார்கள் என்று பொருமினாள். அவர்கள் அவரிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை, அவளிடம்தான் எதிர்பார்த்தார்கள் என்பது அவளுக்கு உறைக்கச் சில நாள் ஆயிற்று. உறைத்த பிறகும் கோபம் முழுசாகப் போகவில்லை.

பசவராஜ் தொழிலாளர் துறைக்கு மனுக் கொடுத்தார். முன்னறிவிப்பு இல்லாமல் வேலை நிலைமையை மாற்றினார்கள் என்பது புகார். மூன்று வாரம் முன்பே நேரில் சொல்லியாயிற்று, தொழிலாளர்கள் கைதட்டி வரவேற்றார்கள் என்பது கம்பெனியின் பதில். அதற்குச் சாட்சி அந்த வீடியோ. இணையப் பக்கத்துக்காக அதில் பேச்சை எடுத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். ஹரிப்ரசாத் சொன்ன வாக்கியம் எழுத்தாக ஓடும், அடுத்து பெண்கள் சிரித்த முகத்தோடு கை தட்டுவார்கள். நடுவில் தமிழ்ப்ரியா சொன்னது அதில் இல்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ஹரிப்ரசாத் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு முதல் தடவையாக அவளிடம் தமிழில் பேசினார்.

"உக்காரு. நாளைக்கு உன்னைக் கேப்பா. லைனை மாத்தி அமைக்கப் போறான்னு சொன்னேன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"நீ என்ன சொன்னேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? ரீஜிக்னா அதானே அர்த்தம்? நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. சரியான அர்த்தத்தைச் சொல்லச் சொல்றேன். அவா தப்பாப் புரிஞ்சிண்டா, அது அவா பாடு."

"ஜிக் மாத்தறாங்கன்னு நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுதே சார். தலையாட்டினீங்களே."

அவர் அவளைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. சட்டையில் ஒட்டிய நூலைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். உன் பிரிவையும் ரீஜிக் பண்ண வேண்டியிருக்கிறது, யார் யார் மிஞ்சுவார்கள் என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீளமான மேசைக்கு ஒரு பக்கம் கம்பெனி, மறுபக்கம் யூனியன். தலைப்பக்கம் உட்கார்ந்த அதிகாரி ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மாள், சளி பிடித்திருந்தது, அடிக்கொரு தரம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தமிழ்ப்ரியாவின் நாற்காலி கம்பெனி பக்கத்தில் போடப்பட்டிருந்தது. எதிரே மாதம்மா. இருவர் முழங்காலுக்கும் நடுவே மேசைதான் இருந்தது. மாதம்மா ஒரு தடவைகூட அவளைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் அகராதியோடு வந்திருந்தார். ரீஜிக் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு என்றார். தொழிற்சாலைக்குப் புதிய கருவிகள் பொருத்துவது ஒன்று. அது பழங்காலத்து வழக்கு. வேறு விதமாக மாற்றி அமைப்பது மற்றொன்று. இன்று உலகமே அந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறது.

"மந்திரிசபையை ரீஜிக் பண்ணினார்கள் என்று பேப்பரில் போடுகிறார்கள் மேடம். மந்திரிகளுக்கு என்ன, ஆணியா அடிக்கிறார்கள்?"

அவர் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"மந்திரிகள் ஜிக் போர்டு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பதில்லை. இவர்கள் நிற்கிறார்கள். ஜிக் என்று காதில் விழுந்தால் இவர்களுக்கு எது ஞாபகம் வரும்?" என்று கேட்டுவிட்டு மூக்கைத் துடைத்தார். "அது போகட்டும். இவர்களுக்கு இவர்கள் பேச்சில் என்ன சொல்லப்பட்டது? சொன்னவர் யார்?"

தமிழ்ப்ரியா எழுந்தாள். கன்னடத்தில் சொன்னாள். "ஜிக் மாற்றுகிறார்கள் என்று சொன்னேன். லைன் என்று சொல்லவில்லை. ஆட்கள் என்றும் சொல்லவில்லை."

வக்கீல் உடனே அவள் பக்கம் திரும்பினார். சற்று முன்வரை அவளைத் தன் சாட்சி என்று சொல்லிக்கொண்டிருந்தவர். "அப்படியானால் தப்பாக மொழிபெயர்த்தது நீங்கள். கம்பெனி சரியாகத்தான் சொன்னது."

"சாருக்குத் தமிழ் தெரியும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினார். அம்மாவிடம் தமிழில்தான் பேசுவார், நேற்றும் என்னிடம் தமிழில்தான் பேசினார்."

ஹரிப்ரசாத் கன்னடத்தில் அமைதியாகச் சொன்னார். "எனக்குத் தமிழ் தெரியாது மேடம். இவருக்கு வேலையில் ஏதோ அதிருப்தி. அதனால் பேசுகிறார்."

மாதம்மா மேசையில் கையை ஊன்றி எழுந்தாள். அதிகாரி உட்காரச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. ஹரிப்ரசாத்தை நேராகப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தாள்.

"தெரியாதா உனக்கு? பெத்தவ பேசுற பேச்சே தெரியாதுங்கறயே, நீயெல்லாம் ஒரு மனுசனாடா? வவுத்துக்குச் சோத்தத்தான் திங்கறயா, வேற எதாச்சும் திங்கறயா?"

"ஏய், மரியாதையாப் பேசு!" என்று கத்தினார் ஹரிப்ரசாத்.

தமிழில்தான் கத்தினார்.

வக்கீல் அகராதியை மூடி வைத்தார். அதிகாரிக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஹரிப்ரசாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பசவராஜ் மட்டும் மெதுவாக, "நல்ல தமிழ்" என்று கன்னடத்தில் சொன்னார்.

வழக்கு முடியும்வரை யாரையும் மாற்றக் கூடாது என்று அன்று பேச்சாயிற்று. கம்பெனி வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். தமிழ்ப்ரியா கடைசியாக வந்தாள். நடையில் மாதம்மா நின்றிருந்தாள். தனக்காகத்தான் நிற்கிறாள் என்று தெரிந்ததும் தமிழ்ப்ரியாவுக்கு நெஞ்சு லேசானது. அருகில் போனாள்.

"அத்தை..."

"அப்ப அவனுக்குத் தமிளு தெரியும்னு உனக்கு அன்னிக்கே தெரியும்."

மாதம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவன் ஆளத்தான் மாத்தறான்னும் தெரிஞ்சிருக்கும். பசம்மாவ அனுப்புனாங்க, சென்னப்பன அனுப்புனாங்க, எல்லாந் தெரிஞ்சுதான உள்ள உக்காந்திருந்த?"

"போர்டையும் சேத்து மாத்துவாங்கன்னு நெனச்சேன் அத்தை."

"நெனச்ச." மாதம்மா அந்தச் சொல்லை வாயில் வைத்துத் துப்புவது போலச் சொன்னாள். "அவனாச்சும் ஆரோ எவனோ. அவன் எங்கூட்டுல ஒருநாளுந் தின்னதில்ல. இன்னிக்கு உள்ள தொறந்த வாய அன்னிக்குத் தொறந்திருந்தா நாங்க ஏன் இங்க வந்து நிக்கறம்? இன்னிக்கு நீ எங்களுக்காகப் பேசல. நாளைக்கு மொகத்தக் கண்ணாடீல பாக்கோணுமே, அதுக்குப் பேசுன."

திரும்பிப் போய்விட்டாள். மற்ற பெண்கள் அவளுக்காக ரோட்டோரம் காத்திருந்தார்கள். சேர்ந்து ஆட்டோவுக்குக் கை காட்டினார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாதம்மா சொன்னதில் பாதி அநியாயம் என்று தமிழ்ப்ரியாவுக்குத் தோன்றியது. எந்தப் பாதி என்று பிரிக்க முடியவில்லை.

அந்த வாரமே அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். நம்பிக்கைக் குலைவு என்று காரணம் சொன்னார்கள். அவள் மேசையைக் காலி செய்யும்போது, கூட வேலை பார்த்த பல்லவி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஹூட்டகள்ளியில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் ஆள் சேர்க்கும் வேலைக்குப் போனாள். பேட்டியில் முந்தைய இடத்தை விட்டதற்குக் காரணம் கேட்டார்கள். அங்கே சரிப்படவில்லை என்றாள்.

மாதம்மாவும் மற்றவர்களும் மூன்றாம் லைனிலேயே இருந்தார்கள். வழக்கு தொழிலாளர் துறையில் முடியாமல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஹரிப்ரசாத் பதவியில் அசையாமல் இருந்தார். சாய்ந்த முளைகளும் அப்படியே இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். தமிழ்ப்ரியா திறந்தபோது மாதம்மா நின்றாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை.

"கோர்ட்டுல நீ வந்து சொல்லோணுமாம். வக்கீலு சொல்றாரு. நீ சொல்லாட்டி வீடியோவுல நாங்க கை தட்டறது மட்டுந்தான் நிக்குமாம்."

"வர்றேன் அத்தை."

"வெள்ளிக்கிழம. பசவராசு போன்ல நேரஞ் சொல்லுவாரு." மாதம்மா படியில் ஒரு கால் வைத்தவள் நின்றாள். "அத்தைன்னு கூப்புடறத உட்டுரு. அங்க கேட்டாங்கன்னா மாதம்மான்னு பேரச் சொல்லு. கூட வேல செஞ்சவங்கன்னு சொல்லு. அது போதும்."

வெள்ளிக்கிழமை தமிழ்ப்ரியா புது வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். கோர்ட் வராந்தாவில் பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூவாத்தாள் என்ற ஒருத்திதான் அவளை முதலில் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். பெஞ்சின் கோடியில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. மாதம்மா தன் பையை எடுத்து அங்கே வைத்தாள்.

தமிழ்ப்ரியா எதிர்ச் சுவரோரமாக நின்றாள். நெடுநேரம் நின்றாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டதும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அவர்கள் எல்லாரையும் தாண்டி உள்ளே போனாள்.